டாக்கீஸ் ஸ்பீக்கரும் ஒத்தை நாற்காலியும்

உக்காருங்க சார், உக்காருங்க. பெட்டியை நான் மடியில வெச்சுக்கறேன். அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கேன், இருந்தாலும் பரவால்ல. மனுசன் நிக்கும்போது பெட்டி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? ஆரப்பாளையத்துல ஏறினதுல இருந்து கண்டக்டர் ஒரே பாட்டு, சீட்டுக்கு அடியில தள்ளுங்க பெருசு, மேல தூக்கிப் போடுங்க பெருசுன்னு. தூக்கிப் போட இது என்ன முருங்கைக்காய்க் கட்டா? இதைக் கீழ இறக்க மாட்டேன், உன் வேலையைப் பாருன்னு சொல்லிட்டேன்.

ஐயையோ, பயப்படாதீங்க, வெடிக்கற சாமானெல்லாம் இல்லை. ஸ்பீக்கர் யூனிட். டாக்கீஸ் ஸ்பீக்கரோடது. குழந்தை மாதிரி பார்த்துக்கணும்.

கோயமுத்தூர் எதுக்கா? ரெண்டு வேலை சார். ஒண்ணு, இந்த யூனிட்டுக்குள்ள அதிர்ந்து சத்தத்தை எழுப்பற சவ்வு கிழிஞ்சு போச்சு. அதை மாத்தறதுக்கு உக்கடத்துல ஒருத்தர் இருக்கார். தமிழ்நாட்டுலயே அவரை விட்டா ஆள் இல்லை. ரெண்டாவது, எங்க வீட்டம்மா அங்க மக லோசனி வீட்டுல இருக்கா. பொங்கல் முடிஞ்சு போனவ, இப்ப பங்குனி ஆச்சு. கூட்டிட்டு வரணும். ஒரே பஸ் செலவுல ரெண்டு வேலையும் முடிஞ்சுரும். ஏன் சிரிக்கறீங்க? இல்லையா? சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

என் பேரு தெய்வசிகாமணி. கூட்டுறவு பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவன். வேலையில இருந்தவரைக்கும் சத்தமே இல்லாத வாழ்க்கை சார். ஃபைலு, கையெழுத்து, வீடு. ரிட்டையர் ஆனதும் மனசுல ஒண்ணு வந்துச்சு. இனிமே நாம நாலு விஷயத்தை ஒழுங்காக் கேக்கணும். ஊர்ல எவனும் எதையும் காது குடுத்துக் கேக்கறதில்லை. இந்த வீட்டுலயாவது ஒருத்தன் கேக்கணும்னு முடிவு பண்ணினேன்.

நீங்க ஸ்பீக்கரைப் பத்தி என்ன நினைக்கறீங்க? ஏதோ கருப்புப் பெட்டி, உள்ள இருந்து சத்தம் வரும், அம்புட்டுத்தானே? எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. வாடிப்பட்டி தாண்டறதுக்குள்ள சொல்லிடறேன், கேளுங்க.

மொதல்ல படம் ஊமை. ஒருத்தன் பக்கத்துல நின்னு கதை சொல்லுவான், ஒருத்தன் ஆர்மோனியம் வாசிப்பான். படம் பேச ஆரம்பிச்சதும்தான் சிக்கல். ஆயிரம் பேர் உக்காந்திருக்கான், கடைசி வரிசைக்காரனுக்கும் கேக்கணும். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்ல சக்தி எம்புட்டுங்கறீங்க? இன்னிக்கு உங்க வீட்டு டி.வி.யில இருக்கறதை விடக் கம்மி. அதை வெச்சுக்கிட்டு ஆயிரம் பேரை எப்படிச் சமாளிக்கறது? அதுக்குத்தான் ஹார்ன். தூரத்துல போறவனை வாய்ல கையைக் குவிச்சு வெச்சுக் கூப்பிடறோம்ல, அதே சங்கதிதான், ஆள் உசரத்துக்கு மேல செஞ்சு திரைக்குப் பின்னால நிப்பாட்டிட்டாங்க. திரை முழுக்க ஊசி ஊசியா ஓட்டை போட்டாங்க, சத்தம் வெளிய வரணும்ல. நாம பாட்டுக்கு ஹீரோயின் வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பின்னால இருட்டுல இதுதான் நின்னு பேசிக்கிட்டு இருந்துச்சு.

அமெரிக்காவுல ஒரு கூத்து நடந்திருக்கு. படத்துல ஒரு பொம்பளை ஷூ போட்டுத் தட்டித் தட்டி ஆடறா. அவ ஒரு தட்டு தட்டினா தியேட்டர்ல ரெண்டு தட்டு கேக்குது. என்னடான்னு பார்த்தா, கனத்த சத்தம் வர்ற குழாய் நீளம், கீச்சுச் சத்தம் வர்ற குழாய் குட்டை. ரெண்டும் ஒண்ணாத்தான் புறப்படுது. ஆனா ஒண்ணு முன்னால வந்து சேருது, ஒண்ணு பின்னால வந்து சேருது. அதைக் கண்டுபிடிச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல காதுக்குக் கொண்டுவந்தாங்க பாருங்க, அவங்க மனுசங்க.

இதை நான் எங்க வீட்டம்மா மங்களேஸ்வரிகிட்ட அம்புட்டு ஆசையாச் சொல்றேன். முழுக்கக் கேட்டுட்டு என்ன சொன்னாங்கறீங்க? "என்னங்க, முழங்கால் ரொம்ப வலிக்குது, கொஞ்சம் தைலம் தேச்சு விடறீங்களா?" நான் என்ன பேசறேன், அவ என்ன பேசறா பாருங்க. கவனமே கிடையாது சார்.

சரி, விடுங்க. தியேட்டர்ல இருந்து ஸ்டூடியோவுக்கு வந்துச்சு. பாட்டைப் பதிவு பண்றவனுக்கும் கேட்டுப் பார்க்க ஸ்பீக்கர் வேணும்ல? தியேட்டருக்குச் செஞ்சதையே தூக்கிட்டுப் போய் வெச்சவங்களும் உண்டு, அப்புறம் அளவைக் குறைச்சுத் தனியாவே செஞ்சாங்க. ஸ்டூடியோ ஸ்பீக்கர் ரசிக்கறதுக்குச் செஞ்சது இல்லை, தெரிஞ்சுக்கங்க. குத்தம் கண்டுபிடிக்கறதுக்குச் செஞ்சது. பாடறவன் மூச்சு வாங்கினா சொல்லும், வயலின்காரன் நாற்காலி கிரீச்சுன்னா சொல்லும். எங்க மாமியா இருந்தாங்களே, அவங்க ஒரு ஸ்டூடியோ ஸ்பீக்கர். என்கிட்ட அந்தக் குணம் கிடையாது, நான் எதையும் பெருசு பண்ண மாட்டேன்.

கடைசியில வீட்டுக்கு வந்துச்சு. ரேடியோகிராம் பார்த்திருப்பீங்க, மரப்பெட்டி, பாலீஷ், மேல பின்னல் துணி, அதுக்கு மேல தஞ்சாவூர் பொம்மை. ஸ்பீக்கர்னே தெரியாது, பீரோவுக்குத் தம்பி மாதிரி நிக்கும். உள்ள ஒரே ஸ்பீக்கர். அதைச் சுத்தி வீடே உக்காந்திருக்கும், ஜன்னலுக்கு வெளிய பாதித் தெரு நிக்கும். அப்புறம் ஸ்டீரியோ வந்துச்சு, ரெண்டு ஸ்பீக்கர். அங்கதான் சார் விஞ்ஞானமே. ரெண்டுக்கும் நடுவுல, சரியான தூரத்துல, ஒரே ஒரு இடம் இருக்கு. அதுல உக்காந்தா பாடகர் உங்க முன்னால வந்து நிப்பார். ஒரு முழம் தள்ளி உக்காந்தீங்க, போச்சு. ஆயிரம் பேருக்குன்னு ஆரம்பிச்சது, தெருவுக்குன்னு ஆகி, வீட்டுக்குன்னு ஆகி, கடைசியில ஒரே ஒருத்தருக்குன்னு வந்து நின்னுச்சு. இதைத்தான் சார் முன்னேற்றம்ங்கறது.

அந்த ஒருத்தர் யாருன்னு கேக்கறீங்களா? வீட்டுல யாரு காது குடுத்துக் கேக்கறாங்களோ அவங்கதான்.

நான் ரிட்டையர் ஆன வருஷம் திருமங்கலம் பக்கம் சுந்தரவிலாஸ் டாக்கீஸை இடிச்சாங்க, கல்யாண மண்டபம் கட்டறதுக்கு. திரைக்குப் பின்னால நின்ன ரெண்டு ஸ்பீக்கரையும் பழைய இரும்புக்குப் போடறதா இருந்தாங்க. தகவல் வந்ததும் ஓடினேன். உள்ள போய்ப் பார்க்கறேன், புறா எச்சம், சிலந்திவலை, நடுவுல ரெண்டும் கம்பீரமா நிக்குது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பகூட எனக்கு அப்படி வரலை.

விலை பேசி வாங்கி, லோடு வண்டியில கொண்டுவந்து இறக்கினா வாசல்ல நுழைய மாட்டேங்குது. நிலையைப் பேத்துட்டோம். மங்களேஸ்வரி ஒரு ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. நிலைக்கு மஞ்சள் குங்குமம் வெச்சது அவ. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நினைச்சேன்.

ரெண்டையும் ஹால்ல வெச்சதும் ஒவ்வொண்ணா வெளிய போக வேண்டியதாப் போச்சு. கண்ணாடி ஷோகேஸ் அதிருது, போச்சு. சோபா சத்தத்தை விழுங்குது, வித்துட்டேன். டீபாய் வழியில நிக்குது, அதுவும் போச்சு. பின் சுவத்துல இருந்து சத்தம் திரும்பி வருது, அதுக்கு என்ன பண்றது? கட்டில் மெத்தை ரெண்டையும் எடுத்துச் சுவத்துல சாத்தினேன். அருமையா உறிஞ்சுச்சு சார்! காசு கொடுத்து வாங்கினாக்கூட அப்படி அமையாது. நாங்க பாயில படுத்துக்கிட்டோம். தரையில படுக்கறது உடம்புக்கு நல்லதுதானே? அவதான் காலைல எந்திரிக்கறதுக்கு ரொம்ப நேரம் பண்ணுவா. சுவத்தைப் பிடிச்சு, முட்டியைப் பிடிச்சு, "அம்மா, அப்பா"ன்னுட்டு. எனக்கு அந்த நேரத்துல சுப்ரபாதம் ஓடிக்கிட்டு இருக்கும். இடைஞ்சல்தான், இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஹால்ல கடைசியில மிச்சம் இருந்தது ஒரு நாற்காலி. கையில்லாத நாற்காலி. கை இருந்தா அதுல சத்தம் பட்டுத் தெறிக்கும்னு எங்க குரூப்ல ஒருத்தர் சொன்னார். கையை ரம்பம் வெச்சு அறுத்துட்டேன். அது நிக்கற இடத்துல நாலு காலுக்கும் தரையில சிவப்பு டேப் ஒட்டியிருக்கேன், ஒரு இஞ்ச் நகரக்கூடாது.

குரூப்பா? சுத்த நாதம்னு ஒரு வாட்ஸப் குரூப் சார். எல்லாம் பெரிய ஆளுங்க. பல் டாக்டர் கஜபதிதான் அட்மின். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வருவாங்க. நாற்காலி ஒண்ணுதானே? அதனால வரிசை. ரேஷன் கடையில நிக்கற மாதிரி சுவரோரமா ஏழெட்டுப் பேர் நிப்பாங்க, ஆளுக்கு ஒரு பாட்டு, உக்காந்து கண்ணை மூடிக் கேட்டுட்டு எந்திரிக்கணும். ஒருதடவை டாக்டர் கண்ணைத் தொறந்துட்டு, "சிகாமணி, இந்தப் பாடகருக்கு மேல்வரிசையில ஒரு பல்லு கட்டினது"ன்னார். எல்லாரும் ஆடிப்போயிட்டோம். அப்பேர்ப்பட்ட ஸ்பீக்கர்.

மங்களேஸ்வரி காபி கொண்டுவருவா. நடுவுல குறுக்க வந்தா சத்தம் மறைக்கும்னு சொல்லியிருக்கேன். அதனால சுவத்தை ஒட்டியே சுத்தி வருவா, ஒரு கையில தட்டு, ஒரு கை சுவத்துல. காபி ஆறிப் போயிரும். அதுக்காக ஒருநாளும் அவளைக் குறை சொன்னதில்லை.

என் வருத்தத்தைக் கேளுங்க. ஊரே வந்து கேட்டுட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னு போகுது. அவ மட்டும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நல்லாருக்குன்னு சொன்னதில்லை சார். "கொஞ்சம் குறைங்க", "கொஞ்சம் குறைங்க", இதுதான் அவ வாயில வர்றது. மனசு விட்டுச் சொல்றேன், எனக்கு அது பெரிய குறை. டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், வீட்டுல இருக்கறவ சொல்ற மாதிரி ஆகுமா?

ஒருநாள் வந்து கேட்டா, "ஹால்ல எனக்கும் ஒரு நாற்காலி போடுங்களேன்"னு. நான் பொறுமையா விளக்கினேன். மங்களம், நடு இடம் ஒண்ணுதான். பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டா அது சத்தத்தைக் கெடுக்கும். நீ அடுப்படியில இருந்தே கேளு, அங்க பேஸ், அந்தக் கனத்த சத்தம், நல்லா விழுதுன்னேன். உண்மையிலேயே விழுது சார், நான் அளந்து பார்த்தேன். "எனக்கு உக்காரணும்ங்க"ன்னா. பாருங்க, நான் கேக்கறதைப் பத்திப் பேசறேன், அவ உக்கார்றதைப் பத்திப் பேசறா.

அப்புறம்தான் அந்தப் பொங்கல். பொங்கலுக்கு மறுநாள் நான் சாமான் வாங்கப் போயிட்டுத் திரும்பி வரேன், வாசல்லயே பாட்டுச் சத்தம். பழைய பாட்டு, ரொம்ப மெதுவா வெச்சிருக்கு. யாருடான்னு உள்ள போறேன். மங்களேஸ்வரி என் நாற்காலியில உக்காந்திருக்கா! கண்ணை மூடிக்கிட்டு, கையை மடியில வெச்சுக்கிட்டு. அதுகூடப் பரவால்ல சார். நாற்காலி டேப்பை விட்டு நகர்ந்திருக்கு. கொஞ்ச நஞ்சம் இல்லை, நாலடி தள்ளி, சுவத்துகிட்ட போயிருக்கு! என் உழைப்பு அம்புட்டும் போச்சு. மாசக்கணக்கா டேப் பிடிச்சு அளந்து வெச்ச இடம் சார் அது!

நான் சத்தம் போடலை. "யாரு நாற்காலியை நகர்த்தினது?"ன்னுதான் கேட்டேன். கொஞ்சம் பலமாக் கேட்டிருப்பேன். அவ கண்ணைத் தொறந்தா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. நாற்காலியை இழுத்துக் கொண்டுவந்து டேப்புக்கு நேரா வெச்சா, நாலு காலையும் குனிஞ்சு பார்த்துச் சரி பண்ணினா. அப்புறம் உள்ள போய்ப் பையை எடுத்தா. "லோசனி வீட்டுக்குப் போயிட்டு வரேன்"னா. போனா. நாற்காலி விஷயத்துக்கு இம்புட்டுக் கோவமா சார்? சொல்லுங்க, நாயம் யார் பக்கம்?

போகும்போது அவ போனை ஸ்பீக்கர் மேலயே வெச்சுட்டுப் போயிட்டா. அம்மாம் பெரிய காந்தம் உள்ள இருக்கு, அது மேல கொண்டுபோய் யாராவது போனை வெப்பாங்களா?

ஒட்டன்சத்திரம் வந்துருச்சா? டீ குடிக்கறீங்களா? வேணாமா? சரி, எனக்கும் வேணாம், பெட்டியை விட்டுட்டு இறங்க முடியாது.

ஏன் இம்புட்டு நாள் கூட்டிட்டு வரப் போகலைங்கறீங்களா? நான் வீம்பு பிடிச்ச ஆள் இல்லை சார். கோவம் ஆறினா அவளே வருவான்னு இருந்தேன். அவ போனதுல ஒரு வசதியும் இருந்துச்சு, மறைக்காமச் சொல்றேன். குறைங்க குறைங்கன்னு சொல்ல ஆள் இல்லையா, நான் பாட்டுக்கு ஏத்தினேன். ஒருநாள் இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். டர்ருன்னு ஒரு சத்தம். சவ்வு கிழிஞ்சுருச்சு. டாக்கீஸ்ல அத்தனை வருஷம் ஓடின யூனிட், அவ இல்லாத ரெண்டு மாசம் தாங்கலை. வலது பக்கம் ஒரே கரகரப்பு. என் துக்கத்தை யார்கிட்டச் சொல்றது? டாக்டர் குரூப்ல அழற பொம்மை ஒண்ணு போட்டார், அம்புட்டுத்தான்.

இன்னொண்ணும் கவனிச்சேன். வீட்டுச் சத்தமே மாறிப் போச்சு. அவ இருந்தப்ப ஹால் மெத்துன்னு இருக்கும், இப்ப எதைப் போட்டாலும் கணீர்னு தலையில அடிக்குது. அப்புறம்தான் புரிஞ்சுது. மனுச உடம்பும் சத்தத்தை உறிஞ்சும் சார். தியேட்டர் காலியா இருந்தா ஒரு மாதிரி, ஆள் இருந்தா ஒரு மாதிரி. இது விஞ்ஞானம். அதனாலயும் அவளைக் கூட்டிட்டு வரணும். சாப்பாடு ஒரு பக்கம் கிடக்கட்டும். வீட்டுல ஒருத்தர் நடமாடற சத்தம் இருந்துச்சு பாருங்க, சேலை உரசற சத்தம், கரண்டிச் சத்தம், அதெல்லாம் இல்லாம ஒரு மாதிரி இருக்கு சார். என்னன்னு சொல்லத் தெரியலை. நல்லா இல்லை.

அவகிட்ட இருந்து தகவலா? வந்துச்சே. முந்தாநாள் லோசனி போன்ல இருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா. நான் சாதாரணமாக் கேப்பனா? போனைப் பெரிய ஸ்பீக்கர்ல மாட்டிக் கேட்டேன். வலது பக்கம் கரகரப்பு இருந்தாலும் என் காது இருக்குல்ல! கேட்ட மாத்திரத்துல சொல்லிட்டேன், டைல்ஸ் போட்ட ரூம், ஜன்னல் தொறந்திருக்கு, ஃபேன் மூணுல ஓடுது, பக்கத்துல குக்கர், மூணாவது விசில் வர்ற நேரம். போனை வாய்க்கு ரொம்பப் பக்கத்துல பிடிச்சிருக்கா, அதனால ப, ப-ன்னு காத்து அடிக்குது. பத்துப் பதினஞ்சு தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன். குரூப்லயும் இந்த ஆராய்ச்சியைப் போட்டேன், டாக்டர் கை தட்டினார்.

என்ன சொன்னாங்களா? அதுவா... சாப்பிட்டீங்களா, மாத்திரை வாங்கினீங்களா, அப்புறம் அதே பழைய பல்லவி, நிலையைப் பேத்தீங்க, மெத்தையை எடுத்தீங்க. அங்கயே நிறுத்திருவேன். நீளம் சார், நாலு நிமிஷம். ஒரு பதிவோட தரத்தைப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

முழுக்கக் கேக்கலையான்னா... கேக்காம இல்லை. இதுக்கு ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க? சரி, இருங்க, இப்பவே போடறேன், உங்களுக்கும் அந்தக் குக்கர் சத்தம் கேக்கட்டும். ஆனா இந்த போன் ஸ்பீக்கர் இருக்கே, அரிசி அளவுதான் இருக்கும். பேஸே கிடையாது, தகர டப்பா. காதைக் கிட்ட கொண்டுவாங்க.

ம்... இதான் ஆரம்பம். சாப்பிட்டீங்களா... மாத்திரை... கேட்டீங்களா, ஃபேன்! நிலை... ஆமா, நிலைதான்... மெத்தை... இங்கதான் நிறுத்துவேன். சரி, ஓடட்டும், நீங்க சொல்றீங்கன்னு விடறேன்.

"...அன்னிக்கு நீங்க இல்லாதப்ப ஒரு பாட்டு போட்டுக் கேட்டேங்க. நல்லாத்தான் இருக்கு உங்க பெட்டி. பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருந்துச்சு. நீங்க சொல்றது பொய்யில்லைன்னு தோணுச்சு. உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க..."

இருங்க, நிறுத்தறேன். சார், கேட்டீங்களா? நல்லாருக்குங்கறா! நீங்க சாட்சி. பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருந்துச்சுங்கறா! அதேதான் சார், பாடகர் முன்னால வந்து நிப்பார்னேன்ல, அதுதான் நடு பிம்பம், அதைத்தான் நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்! நாலடி தள்ளி உக்காந்தே அவளுக்கு அது கேட்டிருக்கு பாருங்க. அப்பேர்ப்பட்ட காது அவளுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. முப்பத்தஞ்சு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன்... இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். தூசி.

மிச்சமா? இன்னும் இருக்கா? இருங்க, போடறேன்.

"...சனிக்கிழமை காலைல இங்க இருந்து பஸ் ஏறி நானே வந்துடறேன். நீங்க கிளம்பி வராதீங்க, வீட்டுலயே இருங்க. இங்க ஒரு டாக்டர் முழங்காலைப் பார்த்துட்டுத் தரையில உக்காராதீங்க, தரையில படுக்காதீங்கன்னு சொல்லிட்டார். ஹால்ல எனக்கு ஒரு நாற்காலி. கை வெச்சதா ஒண்ணு. வேற எதுவும் கேக்கலை. நான் உள்ள வர்றப்ப அது இருந்தா பையைக் கீழ வெப்பேன். இல்லேன்னா பையோட திரும்பிருவேங்க. அப்புறம் கூப்பிட வராதீங்க. வெச்சிடட்டுமா? குக்கர் கூப்பிடுது."

பார்த்தீங்களா, குக்கர்! நான் சொன்னேன்ல, மூணாவது விசில்...

என்ன? என்ன கிழமையா? இன்னிக்கா? இன்னிக்கு... சனிக்கிழமைதான். ஏன்...

ஐயோ.

இருங்க, இருங்க சார், லோசனிக்குப் போடறேன். எடுக்க மாட்டேங்கறாளே... ஹலோ, லோசனி! அம்மா எங்க? ஏறிட்டாளா? எப்ப? எந்த பஸ்? நான் வீட்டுல இல்லைம்மா, நான் பஸ்ல... கோயமுத்தூர் பஸ்ல... ஏய், திட்டாத, நீ அப்புறம் திட்டு. அம்மா கையில போன் இருக்கா? இல்லை, இல்லை, தெரியும், அது ஸ்பீக்கர் மேல இருக்கு. அவகிட்ட வீட்டுச் சாவி இருக்குல்ல? இருக்கா. ஐயோ, சாவி இருக்கா!

சார், அவகிட்ட சாவி இருக்கு. நேரா கதவைத் தொறந்து உள்ள போயிருவா. போனா ஹால்ல என்ன இருக்கு? டேப் மேல ஒத்தை நாற்காலி. நான் இல்லை. கைபிடி இல்லை. அப்படியே பையோட திரும்பிருவா. அவ சொன்னா செய்யறவ சார், உங்களுக்குத் தெரியாது. சொல்லிட்டுச் செய்யாம இருந்ததே கிடையாது.

அவ ஏறி ஒரு மணி நேரம்தான் ஆகுதுங்கறா மக. அப்ப அவ பல்லடம்கிட்ட வந்துக்கிட்டு இருப்பா. நாம எங்க இருக்கோம்? தாராபுரம் வருதா? எல்லா மதுரை பஸ்ஸும் தாராபுரம் ஸ்டாண்டுக்குள்ள வந்துதான் போகணும், சரிதானே? சரிதானே சார்? அப்ப நான் அங்க இறங்கிடறேன். வர்ற பஸ்ஸு ஒவ்வொண்ணுலயும் ஏறிப் பார்க்கறேன். மங்களேஸ்வரி, மங்களேஸ்வரின்னு கத்தறேன். என் குரலுக்கு ஹார்ன் வேணாம் சார்.

கண்டக்டர் தம்பி! தாராபுரத்துல என்னை இறக்கி விடுங்க. கோயமுத்தூர் டிக்கெட்தான், இருக்கட்டும், ரெண்டு டிக்கெட்டும் போகட்டும். ஸ்டாண்டு பக்கத்துல நாற்காலிக் கடை இருக்கா தம்பி? பிளாஸ்டிக்தான் இருக்குமா?

பிளாஸ்டிக் கொஞ்சம் அதிரும் சார், அதுவும் கை வெச்சதுன்னா சத்தம் பட்டுத் தெறிக்கும். மரம்னா தேவலை. குரூப்ல கேட்டா டாக்டர் என்ன சொல்வாரோ... இல்லை, இல்லை, கேக்கலை. போனை உள்ள வெச்சுட்டேன். கை வெச்சதுதான். அவளுக்கு எந்திரிக்கப் பிடிமானம் வேணும்ல.

ஏன் சார்... அன்னிக்கு நாற்காலியைச் சுவத்துகிட்ட நகர்த்தினாளே, அது இதுக்குத்தானா? சுவத்தைப் பிடிச்சு எந்திரிக்க? நான்தான் கையை அறுத்துட்டேனே.

ஆச்சு, ஸ்டாண்டு வந்துருச்சு. கொஞ்சம் காலை நகர்த்துங்க சார், வரேன். பெட்டியா? அதையும் தூக்கிக்கிட்டு நாற்காலியைத் தூக்க முடியாது, நாற்காலிக்கு ரெண்டு கையும் வேணும். நீங்க அதைச் சீட்டுக்கு அடியில தள்ளி விடுங்க. ஆமா, தள்ளி விடுங்க, தெரிஞ்சுதான் சொல்றேன். தம்பி, கை வெச்ச நாற்காலி எந்தக் கடையில இருக்கும்?